முகமே இல்லாத பதினோரு நிமிடம்

18 மே 2025, காலை
கேள்வி: ராம்நாட்டு ரசிகர்

போன வாரம் ராமநாதபுரத்தில் மாணவர் குறும்படங்கள் போட்டார்கள். ஒன்று நம்ம கடற்கரையில் எடுத்தது. பதினோரு நிமிடம். தண்ணீர், கை, சாக்கு, மறுபடியும் தண்ணீர். ஒரு முகம் கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. நடுவில் கொஞ்ச நேரம் திரையே கறுப்பு. புரொஜக்டர் போய்விட்டது என்று பக்கத்தில் இருந்தவர் எழுந்தே விட்டார். முடிந்ததும் எடுத்த பெண் மேடையேறி, இது என் அடையாளத்தைப் பற்றிய படம் என்கிறது. அடையாளத்தைப் பற்றிய படத்தில் ஆளையே காணோமே! நேராகக் கதை சொல்லத் தெரியாதவர்கள்தான் சோதனைப் படம் என்ற பெயரில் ஒளிந்துகொள்கிறார்கள் என்பது என் கட்சி. இல்லையென்றால் யாராவது விளக்குங்கள்.

18 மே, இரவு

அந்தப் பெண் நான்தான். ஒளிந்துகொள்வது உண்மை. ஒளிவது நான் இல்லை, அவ்வளவுதான்.

முதலில் வெட்டிய பிரதியில் முகங்கள்தான் நிறைய. என் அம்மா கடல்பாசி எடுப்பவள். எங்கள் பக்கத்துப் பெண்கள் வல்லம் என்ற நாட்டுப் படகில் போய், தீவுகளை ஒட்டிய பாறைகளில் முங்கி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசிகளைப் பறித்து வருவார்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே இருக்கும் 21 தீவுகள் 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்கா ஆயின. அம்மாச்சி காலத்தில் வேலையாக இருந்தது அம்மா காலத்தில் குற்றமாகிவிட்டது. பவளப்பாறையைக் காப்பாற்ற வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மற்ற நாளில் பாசி வளரட்டும் என்று இந்தப் பெண்களே தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அதற்கெல்லாம் கணக்கு இல்லை.

படத்தை வாசலில் வைத்து லேப்டாப்பில் போட்டேன். ஏழெட்டுப் பேர். அவரவர் முகம் வரும்போது ஒரே சிரிப்பு. முடிந்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "இத ஃபாரஸ்ட்காரவுக பாத்தா?" பக்கத்து வீட்டுச் சித்தி, "படத்துல தேதி வருமாடி?" என்றார்.

முகங்களை எடுத்துவிட்டேன். குரலை வைத்தும் ஆளைச் சொல்லிவிடலாம் என்பதால் அப்புறம் பேச்சையும் எடுத்தேன். எடுக்க எடுக்க மிச்சம் இருந்ததுதான் நீங்கள் பார்த்தது. சோதனைப் படம் என்று நான் பெயர் வைக்கவில்லை. விண்ணப்பத்தில் கதை, ஆவணம், சோதனை என்று மூன்று கட்டம் இருந்தது. முதல் இரண்டிலும் முகம் கேட்பார்கள்.

19 மே

உச்சிப்புளி அண்ணன் கேட்டது: முகத்தை மங்கலாக்கிவிட்டால் போதாதா, எதற்கு இவ்வளவு பாடு?

செய்து பார்த்தேன் அண்ணே. மங்கலாக்கியவுடன் எல்லாரும் டிவி செய்தியில் வரும் கைதிகள் மாதிரி ஆகிவிட்டார்கள். இவள் ஏதோ செய்துவிட்டாள் என்று அந்த மங்கலே சொல்லிக் கொடுக்கிறது. முகம் சட்டகத்துக்குள் வராமலே இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. கண் தானாகக் கைக்குப் போகிறது.

கையில் பார்க்க நிறைய இருக்கிறது. பாறை அறுக்காமல் இருக்க விரலுக்கு விரல் துணிக் கிழிசலைச் சுற்றுவார்கள், மேலே ரப்பர் மாட்டுவார்கள். காலில் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் பை. சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். ஆனால் அம்மா வலது கட்டைவிரலுக்கு மட்டும் துணி சுற்றுவதில்லை என்பது காமிரா வழியாகப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஏன் என்று கேட்டேன். "பாசி எங்க புடிச்சிருக்குன்னு பாக்க ஒரு வெரலு வேணும்ல" என்றாள். தண்ணீருக்குள் பாதி நேரம் கண்ணால் பார்ப்பதில்லை. கலங்கலில் விரல்தான் பார்க்கிறது.

20 மே

நேற்று எழுதியதோடு ஒட்டி இன்னொன்று. ரசிகருக்கான உண்மையான பதில் இதுதான் என்று இன்று தோன்றுகிறது.

முகம் எடுத்த பிரதியை அதே வாசலில் மறுபடி போட்டேன். கைகள் மட்டும். பத்து விநாடி ஆகவில்லை. "இது உன் பெரியம்மா", "ஏய், அது நானு, அந்தப் பச்சத் துணி என் பழைய சீலை", "இவ எப்பவும் இடப்பக்கமாத்தான் திரும்புவா". ஒரு கை விடாமல் பெயர் சொன்னார்கள். நீருக்கு மேலே வந்து மூச்சு விடும் சத்தத்தை வைத்தே ஒருத்தியைக் கண்டுபிடித்தார்கள்.

ஆளையே காணோம் என்று நீங்கள் சொன்ன அதே பதினோரு நிமிடத்தில் அவர்கள் ஒன்பது பேரைப் பார்த்தார்கள். நீங்கள் பார்க்கத் தெரியாதவர் என்று சொல்ல வரவில்லை. இந்தப் படம் ராமநாதபுரம் அரங்குக்கு ஒன்றாகவும் எங்கள் வாசலுக்கு வேறாகவும் இருக்கிறது என்கிறேன். அது தற்செயலாக நடந்தது. நடந்த பிறகு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

20 மே, இரவு

ஒருவர் தனியாகக் கேட்கிறார், நீங்கள் என்ன சமூகம், அதைப் படத்தில் ஏன் சொல்லவில்லை என்று.

சென்னையில் விடுதியில் சேர்ந்த முதல் நாளே இந்தக் கேள்வி வந்தது. அங்கே கேட்டவர்கள் கொஞ்சம் நாகரிகமாக, "ஊர் எது? அப்பா என்ன செய்றார்?" என்று சுற்றி வந்து கேட்டார்கள். நீங்கள் நேராகக் கேட்டீர்கள், அந்த அளவுக்கு நன்றி. பதில் இல்லை.

24 மே

காரைக்குடி அக்கா நல்ல இடத்தில் குத்தினார்: கை பார்த்து ஊர்க்காரர்கள் பெயர் சொல்வார்கள் என்றால், வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருப்பவரும் உள்ளூர்க்காரர்தானே? அவருக்கும் அந்தக் கை தெரியுமே. பிறகு நீ மறைத்தது யாரிடமிருந்து?

இது ரெண்டு நாள் தூங்கவிடவில்லை. அம்மாவிடமே கேட்டுவிட்டேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. "அவனுக்குத் தெரியாமலா இத்தன வருசமாப் போறோம்? அவன் கண்ணால பாத்தது வேற. படத்துல இருக்குறது வேற. படத்த மேசையில வச்சுப்புட்டா அவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாதுல்ல?"

இரண்டு வருடம் வகுப்பில் உட்கார்ந்து பிம்பத்தின் அரசியல் என்று ஏதேதோ குறிப்பெடுத்தேன். படத்துக்கும் பார்வைக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு சுருக்கமாக அங்கே யாரும் சொல்லவில்லை. பார்த்தவன் கண்டும் காணாமல் இருக்க முடியும். காமிராவில் பதிந்ததற்கு அந்த வசதி கிடையாது. என் வேலை காவலரை ஏமாற்றுவது இல்லை, அவர் காணாமல் இருப்பதற்கு இடம் விடுவது. அந்தக் கையை வைத்து மேசையில் யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

அக்கா, இதற்கும் உங்களிடம் பதில் இருக்கும். எழுதுங்கள்.

25 மே

எழுதிவிட்டார். "அப்படியானால் இது உன் அடையாளம் பற்றிய படம் இல்லை, உன் அம்மாவின் பாதுகாப்பு பற்றிய படம். மேடையில் ஏன் அப்படிச் சொன்னாய்?"

மேடையில் மைக்கைக் கொடுத்து ஒரே வரியில் சொல்லச் சொன்னார்கள். சரி, அதை விடுங்கள். நான் என்ன நினைத்தேன் என்றால், நான் கடலுக்குப் போகாதவள். அம்மா விடவில்லை. படி, இந்தக் கை உனக்கு வேண்டாம் என்று வளர்த்தாள். காமிரா இருந்ததால்தான் வல்லத்தில் ஏற விட்டாள். பாசி எடுப்பவளாக இல்லை, படம் எடுப்பவளாக. அந்த வல்லத்தில் விரலில் துணி இல்லாத ஒரே ஆள் நான்தான். படத்தில் என் கையும் ஒரு இடத்தில் வருகிறது, லென்ஸில் தெறித்த உப்புத் தண்ணீரைத் துடைக்க. அதை மட்டும் ஊரில் யாரும் பெயர் சொல்லவில்லை. "இது யாரு கையி?" என்று கேட்டார்கள்.

28 மே

மதுரை நண்பர் கறுப்புத் திரைக்கு வருகிறார். டெரக் ஜார்மன் என்ற ஆங்கிலேய இயக்குநர் 1993இல் முழுப் படத்தையும் ஒரே நீல நிறமாக வைத்தார், 79 நிமிடம், நீயும் நீலம் வைத்திருந்தால் கடல் என்றாவது புரிந்திருக்கும் என்கிறார்.

ஜார்மன் எய்ட்ஸ் நோயால் பார்வை போய்க்கொண்டிருந்தபோது எடுத்தது அது. நீலத்துக்குக் காரணம் இருந்தது. குரல்களும் இசையும் முழுக்க ஓடும். நான் குரலை எடுத்துவிட்டவள். அப்புறம் எங்கள் கடல் எப்போதும் நீலம் என்று யார் சொன்னது? வாடைக்காற்றில் வடகடலைப் போய்ப் பாருங்கள், டீ நிறத்தில் இருக்கும். தென்கடல் அந்த மாதங்களில் தெளிந்து கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால் கதை மாறும். டூரிஸ்ட் போஸ்டரில் மட்டும் வருடம் முழுக்க நீலம்.

கறுப்புக்கு வருகிறேன். அது அம்மாச்சிக்கு. அவர் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் புயலில் ஊர் போனது, பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலே போனது, பிழைத்தவர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். அதற்கு முன்பு எடுத்த புகைப்படம் என்று வீட்டில் ஒன்றுகூட இல்லை. தனுஷ்கோடியில் காமிரா வைக்கக் கூடாது என்பது நான் ஆரம்பத்திலேயே எடுத்த முடிவு. இடிந்த தேவாலயச் சுவரையும் அதன் முன்னால் தாவணிப் பெண்ணையும் எத்தனை படத்தில், எத்தனை கல்யாண ஆல்பத்தில் பார்த்துவிட்டோம்! 2017இல் அரிச்சல்முனை வரை ரோடு வந்த பிறகு கேட்கவே வேண்டாம். அங்கே இன்றும் குடிசை போட்டு மீன்பிடிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைச் சட்டகத்திலிருந்து விலகி நிற்கச் சொல்லிவிட்டு இடிபாட்டை எடுக்கிறார்கள்.

ஆனால் தனுஷ்கோடியே வேண்டாம் என்றால் அம்மாச்சியும் வேண்டாம் என்று ஆகிவிடுகிறதே. படம் இல்லாதவருக்குப் படம் வைக்க எனக்குத் தெரியவில்லை. அதனால் நாற்பது விநாடி கறுப்பு, காற்றுச் சத்தம் மட்டும். அது அரிச்சல்முனையில் பதிந்த காற்று. அதை எங்கும் எழுதவில்லை. எழுதியிருக்கலாமோ என்று இப்போது யோசனை. புரொஜக்டர் போய்விட்டது என்று எழுந்த அந்தப் பெரியவருக்காகவாவது.

2 ஜூன்

நடுவில் வரும் கீறலும் புள்ளியும் என்ன, கம்ப்யூட்டரில் செய்ததா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. அது நிஜமான பிலிம்.

பழைய டூரிங் டாக்கீஸில் மிஞ்சிய 35 எம்எம் துண்டு ஒன்று கிடைத்தது. அதைச் சாக்கில் கட்டி, கரை ஓரமாக ஆழமில்லாத இடத்தில் கல் வைத்து அமுக்கினேன். டேவிட் கேட்டன் என்ற அமெரிக்கர் 1990களின் கடைசியில் இதைச் செய்திருக்கிறார். நண்டுக் கூண்டுக்குள் பிலிமைப் போட்டு அட்லாண்டிக்கில் இறக்கினார். படம் மட்டுமல்ல, ஒலியும் கடல் கீறியதுதான். பிலிமின் ஓரத்தில் ஒலித்தடம் ஓடும் இடத்தையும் மணல் உரசுமே, அதை வாசித்தால் சத்தம் வரும்.

எனக்கு வந்தது சுமார்தான். மேல்பூச்சு ஊறி, சில இடத்தில் உரிந்தே போய்விட்டது. அதில் இருந்த கதாநாயகன் பாதி முகத்தோடு மிச்சம். அந்தப் பாதி முகத்தையும் வெட்டினேன், ஆள் பெரிய நடிகர், வம்பு எதற்கு. இருபது விநாடி மட்டும் வைத்தேன்.

ஒருவர் ஆர்வமாக எழுதியிருந்தார்: பிலிம் பூச்சே நம்ம கடல்பாசியில் இருந்து வருவதுதானே, உங்கள் அம்மா எடுத்த பாசி சினிமாவாகத் திரும்பி வந்திருக்கிறது என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மை அப்படி இல்லை. பிலிமில் இருப்பது ஜெலட்டின், மாட்டு எலும்பிலும் தோலிலும் எடுப்பது. மரிக்கொழுந்தில் எடுப்பது அகர் அகர். அது ஆய்வுக்கூடத் தட்டுக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது. கீழக்கரையில் நோன்பு திறக்கும்போது கலர் கலராகத் துண்டு போட்டு வைப்பார்களே கடல்பாசி, அந்தக் குடும்பம். கட்டக்கோரையில் எடுப்பது வேறு, அல்ஜினேட், துணிக்குச் சாயம் அச்சடிக்க உதவும். சினிமாவுக்கு இரண்டும் வரவில்லை. நானும் முதலில் ஆசைப்பட்டுத் தேடிப் பார்த்தவள்தான்.

கட்டக்கோரையை வேறு வழியில் உள்ளே இழுத்தேன். கறுப்பு வெள்ளை ரோலைக் காபித்தூள், சலவைச் சோடா, விட்டமின் சி கலந்து கழுவலாம், இது பலரும் செய்வது. காபித்தூளுக்குப் பதில் கட்டக்கோரைக் கஷாயம். ஸ்டில் கேமரா ரோல் ஒன்றைக் கழுவினேன். சாம்பல் பூத்தாற்போல ஏதோ வந்தது. எங்கள் கொல்லைப் பனைமரம் என்று எனக்குத் தெரியும், வேறு யாரும் நம்ப மாட்டார்கள். நாற்றம் தாங்காமல் அம்மா பாத்திரத்தைத் தூக்கி எறிந்துவிட்டாள். படத்தில் சேர்க்கவில்லை.

9 ஜூன்

ஒரு நிதி உதவிக்கு நேர்காணல் போயிருந்தேன். எங்கே என்று சொல்லவில்லை. முழுப் படத்தையும் பார்த்தார்கள். ஒருவர் கேட்டார்: "உங்க அம்மா அழுற மாதிரி ஒரு ஷாட் இருக்கா?" இன்னொருவர், என்னை வைத்தே படம் எடுக்கலாமே, கடற்கரைப் பெண் காமிராவோடு திரும்பி வருவது, அதில் ஒரு பயணம் இருக்கிறது என்றார்.

இந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தால் பணம் வரும் என்று நன்றாகத் தெரிகிறது. உட்காரக் கூடாது என்று வீம்பும் இல்லை, கடன் இருக்கிறது. ஆனால் அம்மா அழுத ஷாட் என்னிடம் இல்லை. வல்லத்தில் அவள் அழ மாட்டாள். அங்கே அவள் பாடுவாள், வம்பளப்பாள், டீசல் கணக்குப் பார்ப்பாள், என்னைத் திட்டுவாள். அழுவது கல்யாண வீட்டில்.

ஷாந்தால் ஆக்கர்மான் என்ற பெல்ஜிய இயக்குநரின் படம் ஒன்று 1977இல் வந்தது. நியூயார்க் தெருக்களும் சுரங்க ரயிலும் ஓட, பிரஸ்ஸல்ஸில் இருந்து அம்மா எழுதிய கடிதங்களை அவரே வாசிப்பார். ரயில் சத்தத்தில் பல வரிகள் காதில் விழாது. மகள் ஊரைவிட்டுப் போயிருக்கிறாள், அம்மா விசாரித்துக்கொண்டே இருக்கிறாள், அவ்வளவுதான். அழுகை இல்லை. நேர்காணலில் இதைச் சொன்னேன். அவர் வெள்ளைக்காரி, அவருக்குச் செல்லும் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. எனக்கு அம்மா எழுதுவதில்லை, வாட்ஸப்பில் குரல் அனுப்புவாள். பாதி காற்று, பாதி "சாப்ட்டியா". அதை வைத்துத்தான் அடுத்தது செய்ய வேண்டும். ஆனால் குரல் வைத்தால் மறுபடி அதே சிக்கல், ஆள் தெரிந்துவிடும். சமையல் பேச்சு மட்டும் வைத்தால் வழக்கு வராதென்று நினைக்கிறேன்.

10 ஜூன்

நிதி கிடைக்கவில்லை. கேட்டவர்களுக்காக.

14 ஜூன்

பாம்பன் பாலம் இல்லாமல் பாம்பன் படமா என்று தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர் கோபித்திருக்கிறார். ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாலம் திறந்ததிலிருந்து யார் போனைத் திறந்தாலும் பாலம்தான் தம்பி. நான் வேறு எதற்கு? 1914இல் கட்டிய பழைய பாலத்தில் ஒன்று மட்டும் எடுக்க ஆசை இருந்தது. கப்பல் போக நடுப் பகுதியைத் திறக்க ஆட்கள் நின்று கையால் நெம்பித் திருப்புவார்கள். அந்தக் கைகளை யாரும் கிட்டப்போய் எடுத்து நான் பார்த்ததில்லை, எல்லாம் தூரத்திலிருந்து, வானத்திலிருந்து. எனக்கு வயது வந்து காமிராவும் வந்தபோது பாலம் மூடிவிட்டார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

மீன்பிடித் தடைக்காலம் இன்றோடு முடிகிறது. விசைப்படகுக்காரர்கள் ஐஸ் ஏற்றுகிறார்கள். இங்கே தூங்க முடியாது, அவ்வளவு சத்தம்.

22 ஜூன்

ஊரில் பொதுவாகப் போட்டாயிற்று. ஏலக்கொட்டகைச் சுவரில் வேட்டி கட்டி. கச்சானில் திரை புடைத்துப் புடைத்து அடங்கியது, படத்தில் தண்ணீர் இன்னும் அதிகமாக அசைந்தது. அதை ரசித்தவள் நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன். ஆம்பளைகள் பின்வரிசையில் நின்று, இது என்ன இன்ஜின் சத்தம், யார் வல்லம் என்று ஆராய்ந்தார்கள். கறுப்பு வந்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. கரண்ட் போவது பழக்கம்.

முடிந்த பிறகு வயதான ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கைகளைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. வல்லம் திரும்பும் ஷாட்டில் பின்னால் தீவின் மரங்கள் வரிசையாகத் தெரிகின்றன. "அந்த வரிசயப் பாத்தா கடல்ல போற எவனும் எந்தத் தீவுன்னு சொல்லிப்புடுவான் தாயி. எடுத்துரு."

எங்கள் வாத்தியாருக்கு ரொம்பப் பிடித்த ஷாட் அது. சாயங்கால வெளிச்சம், நீர்மட்டத்தில் காமிரா, எல்லாம் கூடி வந்தது. மனிதர்களை மறைப்பதிலேயே கவனமாக இருந்த எனக்கு இடத்துக்கும் முகம் உண்டு என்று தோன்றவே இல்லை, தோன்றியது கடல் தெரிந்தவருக்கு. எடுத்துவிட்டேன். படம் இப்போது பத்தரை நிமிடம். ராம்நாட்டு ரசிகருக்கு அரை நிமிடம் மிச்சம்.

23 ஜூன்

ரசிகர் பதில் எழுதியிருக்கிறார். "இவ்வளவையும் முன்பே சொல்லியிருந்தால் வேறு மாதிரி பார்த்திருப்பேன். ஆனால் சொன்னால்தான் புரியும் என்றால் படம் எதற்கு?"

நியாயம். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சொன்னது இங்கே சொல்ல முடிந்ததால். படத்தில் சொன்னால் மேசைக்குப் போகும். இங்கே நான் எந்த ஊர், எந்தத் தீவு என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை, கவனித்தீர்களா?

24 ஜூன்

கடைசியாக ஒரு விஷயம், காரைக்குடி அக்கா கேட்டதால். பெயர்ப் பட்டியலில் யார் யார் பெயர் போட்டாய்?

ஒன்பது பெண்களின் பெயரும் போட முடியாது, காரணம் தெரிந்ததே. புனைபெயர் வைக்கலாமா என்று கேட்டதற்கு ஆளாளுக்கு நடிகை பெயர் சொன்னார்கள். ஒரே பட்டியலில் இரண்டு சரோஜாதேவி, ஒரு சிம்ரன். போடலாம் என்றுகூட நினைத்தேன். அப்புறம் எல்லாருக்கும் பெயர் இல்லாமல் என் பெயர் மட்டும் பெரிதாக வந்தால், கடலுக்குப் போகாத ஒரே கையின் பெயர் மட்டும் வருகிற மாதிரி ஆகிவிடும். படிக்கும் இடத்தில் இயக்குநர் பெயர் இல்லாமல் மதிப்பெண் போட மாட்டார்களாம். அதனால் இரண்டு பிரதி. அங்கே கொடுத்ததில் என் பெயர் இருக்கிறது. ஊரில் போட்டதில் யார் பெயரும் இல்லை, சிம்ரனைத் தவிர. அதைச் சித்தி விடவில்லை.